ஏழாம் கேள்வி: ஒத்துக்கொள்ளாதவை

உங்கள் காத்திருப்பு அறையின் நாற்காலிகள் நன்றாக இருக்கின்றன, அம்மா. கைப்பிடிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன், தூசி இல்லை. முதலுதவிப் பெட்டியைக் காட்டும் அம்புக்குறி மட்டும் கொஞ்சம் கோணல். தப்பாக நினைக்காதீர்கள், பழக்கதோஷம். உங்களைப் போலவே நானும் ஒரு பல் மருத்துவமனையில் நிர்வாகியாக இருந்தவன், இருபத்தாறு வருடம். எனக்குத்தான் ஓய்வு கொடுத்தார்கள், என் கண்ணுக்குக் கொடுக்கவில்லை. போன மாதம் முடி வெட்டுகிற இடத்தில், கத்தரிக்கோலை எத்தனை நிமிடம் கொதிக்க வைத்தீர்கள் என்று ஒரு வார்த்தைதான் கேட்டேன். பாதித் தலையோடு வெளியே அனுப்பிவிட்டார்கள்.

படிவத்தில் ஏழாம் கேள்விக்கு எழுதியிருப்பதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துகிறீர்கள். "உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்துகள், பொருள்கள் எவை?" நல்ல கேள்வி. அதற்கு இப்படி ஒரு பதிலா என்கிறீர்கள். விளக்கம் சொல்கிறேன். இதே பதிலை இதற்கு முன் ஒரே ஒருவன்தான் எழுதினான். அவன் இப்போது இல்லை. பதறாதீர்கள், எல்லாம் விதிப்படிதான் நடந்தது.

எங்கள் தரக் கையேடு நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். அதில் முந்நூறு பக்கம் நான் எழுதியது. கை கழுவ உலகத்துக்கெல்லாம் ஏழு படி என்றால் எங்களுக்குப் பதினொன்று. உள்ளே வந்த ஈ இரண்டு கையெழுத்து வாங்காமல் வெளியே போக முடியாது. ஒருமுறை செவிலியின் விரலில் ஊசி ஏறிவிட்டது. "ஊசியின் மேல் விரல் பட்டது, ஊசிக்குச் சேதமில்லை" என்று பதிந்தேன். அப்படித்தான் வரவேற்பு மேசைக்குப் பின்னால் என் பலகை வளர்ந்தது. "விபத்து இல்லாத நாட்கள்" என்று மேலே எழுதி, கீழே எண். தினமும் காலையில் நானே மாற்றுவேன். பெற்ற பிள்ளை வளர்வதைக்கூட அப்படிப் பார்த்ததில்லை.

என் மனைவியின் அண்ணன் ஒருவன். லாரி மெக்கானிக், என் வயதுக்காரன். நான் அவனை மச்சான் என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். வீட்டில் நாலு பேர் கூடிவிட்டால் போதும், ஆரம்பித்துவிடுவான்.

"என்ன மச்சான், உங்க ஆஸ்பத்திரியில பல்லைப் புடுங்குறீங்களா, கையெழுத்தைப் புடுங்குறீங்களா?"

எல்லோரும் சிரிப்பார்கள். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. குறித்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அவனுக்குப் பென்சிலின் ஆகாது. இருபத்தைந்து வயதில் காய்ச்சலுக்கு ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் தொண்டை அடைத்துச் சாகப் போனான். நான்தான் தோளில் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கிருந்த டாக்டர் மருந்தின் பெயரைச் சொல்லி, மறக்காமல் எழுதி வைக்கச் சொன்னார். கண் விழித்ததும் அவனிடம் சொன்னேன்.

"நீங்களே ஞாபகம் வச்சுக்குங்க மச்சான். நீங்க இருக்கும்போது எனக்கு எதுக்கு அது?" என்றான். என் மனைவி அப்போது பக்கத்தில்தான் நின்றாள்.

எனக்கும் ஒரு வலி மாத்திரை ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை விழுங்கிவிட்டு முகம் பூசணிக்காய் ஆகி, மூச்சு முட்டி, செத்துப் பிழைத்தேன். மாத்திரையின் பெயர் மட்டும் என் வாயில் நுழைவதில்லை. அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மருந்து இலாகா அவளுடையது.

ஏழு வருடத்துக்கு முன் மச்சானுக்குக் கடைவாய்ப் பல் வலி. நேரே என்னிடம் வந்தான். அன்று பலகையில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது. மறுநாள் காலை பத்து மணிக்குத் தர ஆய்வுக் குழு வருகிறது. ஆயிரமாவது நாளில் ஆய்வு. ஜாதகம் பார்த்தாலும் இப்படிப் பொருந்தாது. அவன் உள்ளே வந்ததும் பலகையைப் பார்த்தான்.

"ஆயிரம் நாளா யாருமே வரலையா மச்சான்?" என்றான். வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள். பெரிய டாக்டரும் சிரித்தார்.

படிவத்தைக் கொடுத்தேன். ஏழாம் கேள்விக்கு ஒரே சொல் எழுதினான்: மச்சான்.

டாக்டரம்மா புதியவர், நல்ல பெண். படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "விளையாட்டு போதும், நெஜமாவே ஏதாவது மருந்து ஒத்துக்காதா?" என்று கேட்டார்.

"இவர் ஒருத்தர் போதாதா டாக்டர்? இவருக்கு மேல ஒரு விஷம் இருக்கா?" என்றான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "சார், உங்க சொந்தக்காரர்தானே. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

கையேட்டின் பதினான்காம் விதி, நோயாளியின் தகவலை ஊழியர் நிரப்பக்கூடாது. அதை எழுதியவனே நான்தான். "நோயாளி எழுதுனதுதான்மா. விதி அப்படி" என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

அவன் இதயத்தில் ஒரு சின்னப் பழுது உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குப் பல் பிடுங்கும் முன் கிருமி வராமல் ஒரு மருந்து கொடுப்பது வழக்கம். டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். அலமாரியிலிருந்து எடுத்தவன் நான். உறையில் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஒருமுறைக்கு இருமுறை சரிபார்ப்பது எங்கள் தரம், பார்த்தேன். தண்ணீரோடு நீட்டினேன். என்ன மாத்திரை என்று அவன் கேட்கவே இல்லை. என் கையிலிருந்து வாங்கியதால் கேட்கவில்லை. அந்த அளவுக்கு நோயாளிகளின் நம்பிக்கையைப் பெற்றிருந்தோம்.

சில நிமிடத்தில் கழுத்தைச் சொறிந்தான். உதடு தடித்தது. "மச்சான்" என்றான், பாதிதான் வந்தது. டாக்டரம்மா அவசர மருந்துப் பெட்டியைக் கேட்டுக் கத்தினார். பெட்டி கண்ணாடி அலமாரியில் இருந்தது. ஆய்வுக்காக அன்று காலைதான் பூட்டி, அரக்கு முத்திரை வைத்து, துடைத்து வைத்திருந்தேன். சாவி என் சட்டைப் பையில்.

"சாவி சார், சாவி!"

"பதிவேட்டுல ஒரு கையெழுத்து போட்டுடுங்கம்மா."

போட்டார். கட்டத்தைத் தாண்டிப் போய்விட்டது. மறுபடியும் போடச் சொன்னேன். ஆய்வில் அதற்கெல்லாம் மதிப்பெண் குறைப்பார்கள் அல்லவா. அவர் இரண்டாவது கையெழுத்துக்குக் குனிந்த நேரத்தில் நான் சும்மா நிற்கவில்லை. மச்சானைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, வாசலைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனேன். எங்கள் தரம் வாசற்படி வரைதான். அதற்கு அப்பால் பொது நடைபாதை, எதிரில் நகல் எடுக்கும் கடை. டாக்டரம்மா கடைசியில் சாவிக்குக் காத்திராமல் கண்ணாடியை உடைத்து, கையில் ரத்தத்தோடு ஊசியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். போட்டார். கொஞ்சம் தாமதம். வாசலிலிருந்து மூன்றரை அடி தள்ளி முடிந்துபோயிற்று. பிறகு நாடா பிடித்து அளந்தேன்.

மறுநாள் பலகையில் ஆயிரம் போட்டேன். குழுவினர் கைதட்டினார்கள். புதிய கண்ணாடி பளபளவென்று இருப்பதாக ஒருவர் தனியாகப் பாராட்டினார். நூற்றுக்கு நூறு. டாக்டரம்மா அன்றே வேலையை விட்டுவிட்டார். கண்ணாடி உடைத்ததற்கு அவர் இன்னும் விளக்கக் கடிதம் தரவில்லை.

என்ன, பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்று யோசிக்கிறீர்கள். ஆவணங்களை ஏழு வருடம் காக்க வேண்டும் என்பது விதி. போன வாரம் ஏழு முடிந்தது. அவன் படிவத்தை அதுவரை வீட்டு பீரோவில், பிளாஸ்டிக் உறையில், பூட்டிப் பத்திரமாக வைத்திருந்தேன். விரோதம் இருந்தால் யாராவது அப்படி வைப்பார்களா? அழிக்கலாம் என்று வெளியே எடுத்தபோது ஒரு மூலை மடங்கி, அந்தச் சொல்லின் மேல் மை கலங்கியிருந்தது. ஈரப்பதம். பீரோ சாவியும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். சட்டை துவைக்கும்போது மட்டும் என் மனைவி எடுத்து மேசையில் வைப்பாள்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இந்தப் படிவத்தை நான் எழுதவில்லை. மூக்குக் கண்ணாடியை வீட்டில் மறந்து வந்துவிட்டேன். "குடுங்க, நானே எழுதுறேன்" என்று அவள் வாங்கிக்கொண்டாள். நான் கையெழுத்து மட்டும் போட்டேன். ஏழாம் கேள்விக்கு அவளும் "மச்சான்" என்றா எழுதியிருக்கிறாள்? நீங்கள் வாசித்த பிறகுதான் எனக்கே தெரியும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே மாதிரி விளையாட்டு. வேறொன்றும் இல்லை.

அந்த வலி மாத்திரையின் பெயரை அவளிடம் கேட்டு வருகிறேன் என்கிறீர்களா? போய்க் கேளுங்கள். அதோ, கதவோரம், மடியில் பையோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான்.

வந்துவிட்டீர்களா. முகம் ஏன் இப்படி வெளுத்திருக்கிறது? என்ன சொன்னாள்?

"நோயாளி கையெழுத்து போட்டதுதான்மா. விதி அப்படி."

அப்படியேவா சொன்னாள்? சிரித்துக்கொண்டா? பாருங்கள் அம்மா, முப்பத்தைந்து வருடம் என்னோடு குடித்தனம் செய்ததில் அவளுக்கும் தரம் என்றால் என்னவென்று புரிந்துவிட்டது. இதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்கு எந்தக் குழுவும் கொடுத்ததில்லை. பெயரைச் சொல்லாததைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் போனதிலிருந்து அவளுக்கு மறதி அதிகம், பாவம்.

என் பல் வலிக்கு உங்கள் டாக்டர் கொடுக்கச் சொன்ன மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் நிற்கிறீர்கள்? மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன். கொடுங்கள், கொஞ்சம் தண்ணீரும்.