நாகமலையில் ஒரு பிரதி

பஸ்ஸில் அடுத்தவர் பேச்சைக் கேட்காமலிருக்கும் நல்ல பழக்கம் எனக்கு இல்லை. சமயநல்லூரில் ஏறிய நண்பர்கள் இருவர் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் மடியில் சணல் கட்டிய புத்தகக் கட்டு. அவரே எழுதி அச்சடித்த ஊர் வரலாறு. ஜன்னலுக்கு வெளியே நாகமலையைக் காட்டி அவர் சொன்னார்:

"இதுல ஒண்ணை அந்த மலையில ஒளிச்சு வைக்கப் போறேன் மாப்ள."

"எதுக்கு ஒளிக்கணும்? கடையில வச்சாலே யாரும் எடுக்க மாட்டாங்ய."

"சிரிக்காத. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தி சீனாவுல ஒரு எழுத்தாளர். ராசாவுக்குப் பிடிக்காததைப் பேசிட்டாருன்னு," குரலைத் தாழ்த்தினார், "ஆண்மையையே அறுத்துட்டாங்ய. அம்புட்டு அவமானத்துலயும் உசுரைப் பிடிச்சுக்கிட்டு சரித்திரத்தை எழுதி முடிச்சாரு. பின்னாடி வாரவன் படிப்பான்னு ஒரு பிரதியை மலையில வைக்கணும்னாரு."

"அடப்பாவமே! அந்த ராசா வெளங்குவானா?"

பஸ் பரவையைத் தாண்டியது.

"மாப்ள, எங்கப்பா கம்மாய் மடையைத் திருட்டுத்தனமாத் திறந்தாருன்னு எழுதியிருக்கியே. பின்னாடி வாரவன் அதையுமா படிப்பான்?"

"அப்ப நீ படிச்சிட்டியா!" எழுதியவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"வீட்டுல எல்லாருமே படிச்சாச்சு. அந்தப் பக்கத்தைக் கிழிச்சிரு."

"நடந்ததைத்தானே எழுதினேன்? கிழிக்க மாட்டேன்."

நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"அந்த ராசா பக்கமும் ஒரு ஞாயம் இருந்திருக்கும்ப்பா."