இடப்பக்கம் யாரோ

அபயம்: …கழட்ட வரமாட்டேங்கறதுடா. திருகு இறுகிப் போச்சு.

பத்ரி: இழுக்காதே அக்கா. மூக்கே செவந்துடுத்து பாரு. கொஞ்சம் சோப்பு கேட்டு வாங்கிண்டு வரட்டுமா?

அபயம்: தங்கம்தானேடா இது. தங்கத்தைக் காந்தம் இழுக்காதே?

பத்ரி: தங்கமோ தகரமோ, ஸ்கேன் மெஷினுக்குள்ள போறச்சே உடம்புல ஒண்ணும் இருக்கப்படாதுன்னு அந்தப் பொண்ணு கறாரா சொல்லிட்டா. ஹேர்பின் எடுத்தியா?

அபயம்: எடுத்தாச்சு. ஊக்கும் எடுத்தாச்சு. இந்த கவுன்ல நான் எப்படிடா இருக்கேன்?

பத்ரி: நெஜத்தைச் சொல்லட்டுமா?

அபயம்: வேண்டாம்.

பத்ரி: தலகாணி உறை மாட்டின மாதிரி இருக்கே.

அபயம்: வேண்டாம்னேனே!… ஆ… வந்துடுத்து. இந்தா, மூக்குத்தி. பத்திரம். உன் ஆம்படையா ப்ரீதியும் வருவான்னு சொன்னியே, எங்கே?

பத்ரி: அவளுக்கு ஆபீஸ்ல ஆடிட். தலைக்கு மேல வேலை.

அபயம்: போன மாசமும் ஆடிட்தான். சரி, உன் பொண்ணு வைஷு?

பத்ரி: காலேஜ். பரீட்சை… ஏன், நான் ஒருத்தன் வந்தது போறாதா? விமான் நகர்லேர்ந்து சிஞ்ச்வட் வரைக்கும் இந்தப் புனே டிராஃபிக்ல வந்திருக்கேன்.

அபயம்: ஒண்ணும் சொல்லலைடா. கேட்டேன், அவ்வளவுதான்.

எஸ்தர்: அபயாம்பாள் கோண் ஆஹேத்? ஆஜி, ஆத் யா.

அபயம்: ஆஜியாமே! எனக்கு அறுபத்திரண்டுதான் ஆறது. இவளுக்கு நான் பாட்டியா?

எஸ்தர்: ஐயோ, சாரி ஆன்ட்டி! தமிழா நீங்க? நானும் தமிழுதான். எஸ்தர். நான்தான் ஸ்கேன் எடுக்கப் போறேன். இங்க பக்கத்துல கட்கியில பொறந்து வளந்தவ. அப்பாவுக்கு அங்க ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரியில வேலை. பேசுவேன், படிக்கத்தான் வராது.

அபயம்: பேசறியே, அது போறும். மராத்தியில திட்டு வாங்கிண்டு உள்ளே போகணுமேன்னு இருந்தேன்.

எஸ்தர்: நான் திட்ட மாட்டேன் ஆன்ட்டி. பேஸ்மேக்கர் இருக்கா? உடம்புல பிளேட்டு, கிளிப்பு, பழைய ஆப்பரேஷன் ஏதாச்சும்?

அபயம்: ஒண்ணும் கிடையாது. பொறந்தபடியேதான் இருக்கேன்.

எஸ்தர்: ஃபிட்ஸுன்னு டாக்டர் எழுதிருக்காரு. கீழ விழுந்தீங்களா?

அபயம்: விழவே இல்லை. சும்மா…

பத்ரி: சும்மாவா? லிஃப்ட்ல ஏறி, எந்தப் பட்டனையும் அமுக்காம நின்னுண்டிருந்திருக்காம்மா. கதவு தொறக்கறது, மூடறது, யாரோ மேலே கூப்பிட்டா மேலே போறது, கீழே கூப்பிட்டா கீழே வரது. இவ அதுலேயே நிக்கறா. உதட்டை வேற சப்புக்கொட்டிண்டு. பக்கத்து ஃபிளாட் மாமி, குல்கர்ணி காகுதான் பாத்துட்டு கையைப் பிடிச்சு வெளியே இழுத்திருக்கா.

அபயம்: அந்தக் காகு ஒண்ணுக்குப் பத்தா சொல்லுவா.

பத்ரி: அவ போன் பண்ணலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. நீயா சொல்லியிருப்பியா?

எஸ்தர்: சார், நீங்க வேணும்னா உள்ள கால்மாட்டுல உட்காரலாம். போன், பர்ஸ், பெல்ட்டு, சாவி எல்லாம் வெளியிலயே வெச்சிடுங்க. காதுக்குப் பஞ்சு தர்றேன். ஆன்ட்டி, இந்த ரப்பர் பந்தைக் கையில வெச்சுக்குங்க. பயமா இருந்தா அமுக்குங்க, உடனே வெளிய எடுத்துடுவேன். தலையை மட்டும் ஆட்டக்கூடாது.

அபயம்: பத்ரி… காலைப் பிடிச்சுக்கறியா?

பத்ரி: பிடிச்சுக்கறேன். கிச்சுகிச்சு மூட்ட மாட்டேன். போ.

*

எஸ்தர்: ஆன்ட்டி, மைக்ல பேசுறேன். கேக்குதா?

அபயம்: கேக்கறது. என்ன சத்தம்டீம்மா இது! மெட்ரோவுக்குத் தூண் இறக்கற மாதிரி.

எஸ்தர்: எல்லாரும் அதான் சொல்றாங்க. நல்லா வருது, ஆடாம இருக்கீங்க. அடுத்து ஒரு ஊசி, கையில சில்லுனு ஏறும். அப்புறம் கடைசிப் படங்க.

அபயம்: எஸ்தர்…

எஸ்தர்: சொல்லுங்க ஆன்ட்டி.

அபயம்: காலைப் பிடிச்சுண்டிருக்கறது என் தம்பிதானே?

எஸ்தர்: ஆமா. குனிஞ்சு உட்காந்திருக்காரு.

அபயம்: அப்போ இடப்பக்கம், தோளண்டை… அங்கே யாராவது நிக்கறாளா?

எஸ்தர்: …யாரும் இல்ல ஆன்ட்டி. நான் கண்ணாடி வழியா பாத்துட்டுதான் இருக்கேன். பந்தை அமுக்குங்க, வெளிய எடுத்துடறேன்.

அபயம்: வேண்டாம். பயமில்லை. இந்தக் குழாய்க்குள்ள நான் மாத்திரம் இல்லைன்னு இருந்தது… சித்த நேரத்துல போயிடும். நீ படத்தை எடு.

எஸ்தர்: அடிக்கடி இப்படி வருமா?

அபயம்: …

எஸ்தர்: ஆன்ட்டி? கேக்குதா? ஆன்ட்டி!

அபயம்: ஆங்… இருக்கேன். போயிடுத்து. நீ எடும்மா.

பத்ரி: என்ன ஆச்சு? யாரு நிக்கறா? காதுல பஞ்சு… சரியா காதுல விழலை.

அபயம்: ஒண்ணுமில்லைடா. நீ காலை விடாதே.

*

எஸ்தர்: சார், ஒரு நிமிஷம். ஆன்ட்டி டிரெஸ் மாத்திட்டு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். படத்துல என்ன இருக்குன்னு நான் சொல்லக்கூடாது, அது டாக்டர்தான் சொல்லணும். ஆனா உள்ள இருக்கும்போது அவங்களுக்கு வந்துச்சு. பக்கத்துல யாரோ நிக்கிற மாதிரின்னாங்க. கொஞ்ச நேரம் கூப்பிட்டும் பேசல. நானும் எழுதி வெச்சிருக்கேன், நீங்களும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லிடுங்க.

பத்ரி: யாரோ நிக்கற மாதிரியா? என்கிட்ட அப்படி ஒண்ணும் சொன்னதே இல்லையே…

எஸ்தர்: ஆன்ட்டி தனியாவா இருக்காங்க?

பத்ரி: தனியாத்தான். அம்மா இருந்த வரைக்கும் அம்மா. கல்யாணம் பண்ணிக்கலை. பாங்க்ல இருந்தா, ரிட்டையர் ஆயிட்டா.

எஸ்தர்: இனிமே குளியலறைக்குப் போனாக்கூட தாழ்ப்பாள் போட வேணாம்னு சொல்லுங்க சார்.

*

பத்ரி: டீ ஆறிண்டிருக்கு அக்கா. குடி.

அபயம்: அந்தக் கட்டி சுண்டைக்காய் அளவுதானேடா இருந்தது?

பத்ரி: டாக்டர் ராகவேந்திரா திராட்சைன்னார்.

அபயம்: நானும்தான் அந்தப் படத்தைப் பாத்தேன். சுண்டைக்காய்தான். வெள்ளையா, உருண்டையா, காதுக்கு மேலே சமத்தா உக்காந்திண்டு.

பத்ரி: சமத்தா? மூளைக்கு மேல இருக்கற உறையிலேர்ந்து கெளம்பி உள்ளே அழுத்தறது. அந்த அழுத்தலாலதான் ஃபிட்ஸ். லிஃப்ட்ல நின்னது, பக்கத்துல யாரோ இருக்கறது, எல்லாம் அதேதான்னார். கேட்டியோ இல்லையோ?

அபயம்: கேட்டேன்.

பத்ரி: கெட்ட கட்டி மாதிரி தெரியலை, எடுத்துப் பாத்தாத்தான் நிச்சயம்னார். ஓரமா இருக்கு, எடுக்கறது அவ்வளவு கஷ்டமில்லைன்னார். நீ என்னடான்னா அவர் பேசப் பேச சுவத்தைப் பாத்துண்டிருந்தே.

அபயம்: எடுத்தா எல்லாம் போயிடும்னாரே… அதை யோசிச்சிண்டிருந்தேன்.

பத்ரி: போகத்தானே வேணும்!… அக்கா, எப்பேர்ந்து வரது அது?

அபயம்: போன கணபதி பூஜை சமயத்துலேர்ந்து. அபார்ட்மெண்ட்ல எல்லாரும் கீழே ஆரத்தி பாடிண்டிருந்தா. நான் போகலை. மேலே சோபாவுல உக்காந்து பேப்பர் படிச்சிண்டிருந்தேன். திடீர்னு… பக்கத்துல யாரோ கூடவே படிக்கறா.

பத்ரி: யாரு? அம்மாவா?

அபயம்: அம்மாவா இருந்தா பேசாம இருப்பாளா? இது பேசறதே இல்லை. ஆணா பொண்ணான்னு கூடத் தெரியாது. திரும்பிப் பாத்தா ஒண்ணும் இருக்காது. ஆனா இருக்கும்.

பத்ரி: எனக்குப் பயமா இருக்கு, நீ சொல்றதைக் கேட்டா.

அபயம்: மொத தடவை நானும் பயந்தேன். வாசக்கதவைத் தொறந்து வெச்சிண்டு உக்காந்திருந்தேன். அப்பறம்… பழகிடுத்து. ஒரு நாள் சட்னி அரைக்கறச்சே வந்துது. நான் பாட்டுக்கு, உப்பு ஜாஸ்தியாயிடுத்துன்னு சொல்றேன். யார்கிட்ட சொன்னேன்? வாயைத் தொறந்து ஒருத்தர்கிட்ட சமையலைப் பத்திப் பேசி எவ்வளவு காலமாச்சு தெரியுமா?

பத்ரி: என்கிட்ட போன்ல பேசலாமே.

அபயம்: நீயா போன் பண்ணுவே. சௌக்கியமாம்பே. சௌக்கியம்பேன். வெச்சுடுவே.

பத்ரி: …வேலை இருக்கும் அக்கா.

அபயம்: குத்தமா சொல்லலைடா.

பத்ரி: சரி. டாக்டர் ஒண்ணு கேட்டாரே, ஃபிட்ஸ் மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டும் ஏன் நிக்கலைன்னு. டோஸை ஏத்தி எழுதிக் கொடுத்திருக்கார். ஆப்பரேஷன் வரைக்கும் ஒரு வேளை கூட விடக்கூடாதாம். வாங்கிண்டு போயிடலாம்.

அபயம்: வாங்க வேண்டாம்.

பத்ரி: ஏன்?

அபயம்: பழசே ஆத்துல இருக்கு.

பத்ரி: எப்படி இருக்கும்? லிஃப்ட் விஷயம் நடந்ததும் எழுதிக் கொடுத்தது, இந்நேரம் தீர்ந்திருக்கணுமே… அக்கா. என்னைப் பாரு. நீ சாப்பிடவே இல்லையா?

அபயம்: மொத வாரம் சாப்பிட்டேன்டா. ஒழுங்கா, வேளாவேளைக்கு. அது வரதே நின்னு போச்சு. சாயங்காலம் சோபாவுல உக்காந்து பாத்தேன்… வரலை. மறுநாளும் வரலை. வீடே ஹோன்னு… அம்மா போன மறுநாள் இருந்தது பாரு, அப்படி. அப்பறம்தான் நிறுத்தினேன்.

பத்ரி: பைத்தியமா உனக்கு? ரோட்டைத் தாண்டறச்சே வந்திருந்தா? கேஸைப் பத்த வெச்சுட்டு அப்படியே நின்னிருந்தா? டாக்டர்கிட்ட கூசாம சொன்னியே, ரெண்டு வேளையும் சாப்பிடறேன்னு!

அபயம்: கத்தாதேடா. டீக்கடையில எல்லாரும் பாக்கறா.

பத்ரி: பாக்கட்டும்! செத்துப் போயிருப்பே அக்கா. எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தி…

அபயம்: எனக்குத் தெரியாதா? நிஜம் இல்லைன்னு மொத நாளே தெரியும். மூளையில ஏதோ கோளாறுன்னும் தெரியும். பாங்க்ல அத்தனை வருஷம் குப்பை கொட்டினவ நான், பேய் பிசாசுன்னு நம்பிடுவேனா? ஆனா டாக்டர் அந்தப் படத்தைக் காட்டி, இதான், இது மேலதான் அழுத்தறதுன்னு சொன்னார் பாரு… ஒரு சுண்டைக்காய். என்கூட பேப்பர் படிச்சது ஒரு சுண்டைக்காய். அதான் சுவத்தைப் பாத்தேன்.

பத்ரி: இரு, டீக்குக் காசு கொடுத்துட்டு வரேன்.

அபயம்: எழுந்து ஓடாதே, ஏதாவது திட்டு.

பத்ரி: திட்டலை… ஆப்பரேஷன் பண்ணிக்கோ அக்கா. வேற ஒண்ணும் கேக்கலை.

அபயம்: பண்ணிக்கறேன். மாத்திரையும் இன்னிக்கு ராத்திரியே ஆரம்பிக்கறேன். சத்தியமா. உன் மூஞ்சியைப் பாக்க முடியலை… ஆனா ஒண்ணு கேக்கறேன், மழுப்பாம சொல்லு. ஆஸ்பத்திரியிலேர்ந்து திரும்பி வந்தப்பறம், சாயங்காலம் விளக்கைப் போட்டா அந்த வீட்டுல யாரு இருப்பா?

பத்ரி: நான் இருப்பேன். அங்கேயே வந்துடறேன். சிஞ்ச்வட்லேர்ந்து ஆபீஸுக்குப் போயிட்டு வரேன்.

அபயம்: பேசறதுக்கு நன்னா இருக்கு. ஒரு வாரம் இருப்பே.

பத்ரி: ஒரு வாரம் இல்லை. வந்து இருந்துடறேன்.

அபயம்: அசடு மாதிரி பேசாதே. உன் குடும்பத்தை விட்டுட்டு எனக்காக வந்து உக்காருவியா? ப்ரீதி என்ன சொல்லுவா?

பத்ரி: ப்ரீதி ஒண்ணும் சொல்ல மாட்டா அக்கா… அவ போன மழைக்காலமே வைஷுவை அழைச்சுண்டு பெங்களூர் போயிட்டா. இனிமே வரலைன்னு சொல்லிட்டா. ஆடிட்டெல்லாம் ஒண்ணும் கிடையாது… உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் சௌக்கியமான்னு கேட்டுட்டு டக்குனு போனை வெச்சுடுவேன். ஆபீஸ்லேர்ந்து வந்து கதவைத் தொறந்தா, காலம்பற குடிச்சுட்டு வெச்ச டம்ளர் வெச்ச எடத்துலேயே இருக்கும்… உன் பக்கத்துலயாவது யாரோ வந்து உக்காந்தா அக்கா. எனக்கு அதுகூட வரலை.