ஒற்றை விசில்

கிரேன் ஓட்டுகிறவன் காலையில் காப்பி அதிகம் குடிக்கக் கூடாது. லீவரில் கை நடுங்கும். பதினாறு வருடமாக நான் அரை டம்ளருக்கு மேல் குடித்ததில்லை. நீங்கள் வாங்கிக் கொடுத்த இந்தக் காப்பியை மீதம் வைத்ததற்கு அதுதான் காரணம், ஐயா. பயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் பெயர் தங்கபாண்டி. தேனியில் மரம் காண்ட்ராக்ட் எடுக்கும் குருசாமியிடம் வேலை. பட்டாளத்து ஏலத்தில் அவர் எடுத்த லாரி கிரேன் ஒன்று இருக்கிறது. வீட்டை ஒட்டியோ கரண்டு கம்பியை ஒட்டியோ நிற்கிற மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்க முடியாது. உச்சியிலிருந்து கிளை கிளையாகக் கழற்றத்தான் வேண்டும். ஒருவன் மேலே ஏறி, கிளையில் சங்கிலி போட்டுக் கிரேன் கொக்கியில் மாட்டுவான். நான் கம்பியை முறுக்கி அந்தக் கிளையின் பாரத்தை வாங்கிக்கொள்வேன். அவன் அதன் அடியை ரம்பத்தால் அறுப்பான். அறுபட்டதும் நான் தூக்கிக்கொண்டுபோய் ரோட்டோரம் இறக்குவேன். இலை மறைவில் அவன் இருக்கிற இடம் எனக்குத் தெரியாது. விசில்தான் பேச்சு. ஒரு விசில் என்றால் அசையாதே. இரண்டு விசில் என்றால் தூக்கு.

மேலே ஏறியவன் வீரணன். என்னைவிட எட்டு வயது இளையவன். ஒல்லியான ஆள். ஏறுவதற்கு முன் மரத்தை ஒருமுறை கையால் தட்டுவான், மாட்டைத் தட்டுவதுபோல. ஒன்பது வருடம் அவன் மேலே, நான் கீழே. எங்களுக்குள் ஒரு நாளும் வாய்த்தகராறு வந்தது கிடையாது.

எழுபத்தைந்தாம் வருடம் ஆடி மாதம் கடமலைக்குண்டில் ரோட்டை அகலப்படுத்தினார்கள். ஓரத்துப் புளிய மரங்களை எடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. மூன்றாவது மரத்தில் ஒரு கிளையை வீரணன் அறுத்து முடித்தான். விசில் கேட்டது. ஒரு விசில். நீளமாக ஊதினான். எனக்கு நன்றாகவே கேட்டது. இதை இன்றைக்கு வரைக்கும் நான் யாரிடமும் சொன்னதில்லை. பொழுது உச்சிக்கு வந்துவிட்டது, காற்றுவேறு புழுதியை வாரி முகத்தில் அடித்தது, அந்த ஒரு கிளையை இறக்கிவிட்டால் சாப்பிடப் போகலாம். இரண்டாவது விசில் எப்படியும் வரத்தானே போகிறது என்று தூக்கிவிட்டேன். கிளை சுழன்றது. சங்கிலி நழுவியது. ஆட்டுக்குத் தழை பொறுக்க மரத்தடிக்கு வந்திருந்த சோணையம்மாள் என்ற பெண் அதன் அடியில் கிடந்தாள். அவளைப் பார்த்துத்தான் அவன் அந்த ஒற்றை விசிலை ஊதியிருக்கிறான்.

போலீஸ் வருவதற்குள் வீரணன் இறங்கி வந்தான். என் பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"ரெண்டு விசில் ஊதுனேன்னு சொல்லிர்றேன். அந்தம்மா வந்தத நான் பாக்கலண்ணே."

"வேணாம்டா," என்றேன்.

"உங்களுக்கு லைசென்ஸ் போயிரும். எனக்கு என்ன, மரம் ஏற லைசென்ஸா குடுத்துருக்காக?"

வேண்டாம் என்று நான் சொன்னது ஒரே தடவை. இரண்டாவது தடவையும் சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். அதற்குள் ஜீப் வந்துவிட்டது.

கவனக்குறைவு என்று வீரணனுக்கு மூன்று மாதம் போட்டார்கள். மதுரை ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். வந்த மறுநாளே வேலைக்கு வந்து மரத்தைத் தட்டினான். என்னைப் பார்த்து, "ஒடம்பு எளச்சுட்டீகளேண்ணே," என்றான்.

அந்த மாதக் கடைசியில், சோணையம்மாள் புருசன் சின்னச்சாமியை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கூப்பிட்டான். போனோம். பிறகு மாதாமாதம் போனோம். அவன் அந்த வீட்டுக்கு விறகு பிளந்து கொடுப்பான், கூரையில் ஓலை மாற்றுவான். பெண்டாட்டியைக் கொன்றவன் என்று கோர்ட்டே சொன்ன ஆளுக்குச் சின்னச்சாமி பாய் விரித்தார், தட்டில் களி வைத்தார். என்னிடமும் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், நான் ஏதோ சொல்ல வாயெடுத்தது போலவும் அதற்காக அவர் காத்திருப்பது போலவும். அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்காது.

யோசித்துப் பாருங்கள், ஐயா. ஒருவன் உங்களுக்காக ஜெயிலுக்குப் போய்விட்டு வருகிறான். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டுவதில்லை. ஒரு நாளாவது குடித்துவிட்டு வந்து என் வாசலில் நின்று ஏசியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். அவன் குடிக்கவும் மாட்டான். காலையில் முதல் ஆளாக வந்து என் சீட்டைத் துடைத்து வைத்திருப்பான். மரத்தில் ஏறிவிட்டால் தெரியமாட்டான், ஆனால் இலைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியும். இரண்டரை வருடம் அந்தப் பார்வைக்குக் கீழே உட்கார்ந்து லீவர் பிடித்தேன்.

எழுபத்தெட்டு மாசியில், கடமலைக்குண்டிலிருந்து திரும்புகிற பஸ்ஸில் அவன் பேச்செடுத்தான்.

"அண்ணே, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீகளே? அவருகிட்ட நீங்களே ஒரு நா சொல்லிருங்க."

"என்னத்த?"

"அந்த விசில. கேசெல்லாம் முடிஞ்சு போச்சு. அவரு ஒன்னும் செய்ய மாட்டாரு. உங்களுக்குத்தேன் லேசாகும். நீங்க ஒறங்கி எம்புட்டு நாளாச்சோ."

"சொல்லுவம்," என்றேன். "கூடலூர் வேலை முடியட்டும்."

கூடலூரில் ஹனீபா ராவுத்தரின் ஏலக்காய்க் கிட்டங்கிக் கூரைமேல் ஒரு இலவ மரம் சாய்ந்து நின்றது. எட்டு நாள் வேலை. பங்குனி பிறந்துவிட்டதால் காயெல்லாம் வெடித்திருந்தது. ரம்பம் பட்ட இடமெல்லாம் பஞ்சு பறந்தது. ரோட்டில் போகிற ஜீப்புகள்கூட வெள்ளையாகப் போயின. எட்டாம் நாள் காலையில், ஏறுவதற்கு முன் வீரணன் கேட்டான்.

"நாளைக்குப் போவமாண்ணே, கடமலைக்குண்டுக்கு?"

"போவம்."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. என்மேல் உண்மையான பிரியம் உள்ளவன். மரத்தைத் தட்டிவிட்டு ஏறினான்.

இனி நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கிளையின் பாரம் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் கம்பியை முறுக்க வேண்டும். கூடுதலாக முறுக்கினால், அறுபடுகிற நொடியில் கிளை துள்ளும், அதன் அடி பின்னால் உதைக்கும். அறுக்கிறவன் அந்தப் பக்கம்தான் இருப்பான். இது எனக்கு முதல் வருடத்திலிருந்தே தெரியும். ஒன்பது வருடம் அது நடக்காமல் பார்த்துக்கொண்டது இந்தக் கைதான். மேலே ரம்பச் சத்தம் மெலிந்தது. அறுத்து முடிக்கப் போகிறான். அப்போது லீவரை ஒரு விரற்கடை கூட இழுத்தேன். கம்பி விண்ணென்று நின்றது. அவனுக்கும் அது கேட்டிருக்க வேண்டும், ஏனென்றால் விசில் வந்தது. ஒரு விசில். நான் கையை எடுக்கவில்லை.

கிளையின் அடி அவன் நெஞ்சில் உதைத்தது. இடுப்புக்கயிறு இருந்ததால் கீழே விழவில்லை. தொங்கினான். மரத்திலிருந்த பஞ்சு முழுவதும் ஒரே நேரத்தில் இறங்கியதுபோல் இருந்தது. யாருக்கும் யாரையும் தெரியவில்லை.

கிளையை ஓரமாக இறக்கிவிட்டு, கொக்கியில் ஒரு ஆளை ஏற்றி அவனைக் கட்டச் சொல்லி நான்தான் இறக்கினேன். ஒரு ஆட்டம் இல்லாமல் இறக்கினேன். "பூப்போல எறக்குனீகப்பா," என்று ராவுத்தர் இன்றைக்கும் சொல்கிறார். கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் போகும்போது அவன் தலை என் மடியில் இருந்தது. ஸ்டேஷனிலிருந்து வந்து கூட ஏறியிருந்த ஏட்டய்யா என்ன நடந்தது என்று கேட்டார். வீரணன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"நாந்தேன் விசில மாத்தி ஊதிட்டேன்," என்றான். "அண்ணே மேல தப்பு இல்ல."

உத்தமபாளையம் பஸ்ஸை வழிமறித்து டிரைவரிடம் செய்தி சொல்லியனுப்பி, ஊரிலிருந்த அவன் பெண்டாட்டி பவுனுவை வரவழைப்பதற்குள் முடிந்துவிட்டது. அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "கடேசி வரைக்கும் அவுகளக் கீழ விழ விடாமக் கொண்டாந்தது இந்தக் கைதானே," என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை. துக்கத்தில் இருக்கிறவளிடமிருந்து கையை உருவிக்கொள்வது நன்றாக இருக்காது.

அதற்குப் பிறகும் கிரேன் ஓட்டினேன். புது ஆள் மேலே ஏறினான். அவன் இரண்டு விசில் ஊதித் தூக்கச் சொல்வான். அது முடிந்ததும் தனியாக ஒரு விசில் கேட்கும், நீளமாக. நான் கையை எடுத்துவிடுவேன். "ஏண்ணே நிப்பாட்டுனீக?" என்று மேலிருந்து கத்துவான். "நீதானே ஊதுன?" என்பேன். இல்லை என்று சத்தியம் செய்வான். ஒரு கிளைக்கு அரை நாள் ஆனது. குருசாமி பார்த்துப் பார்த்து, சும்மா வீட்டிலிரு என்றார். வீட்டிலும் கேட்டது. காலையில் முகம் கழுவினால் இமையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று துடைத்துக்கொண்டே இருப்பேன். கையில் ஒன்றும் வராது.

போன வாரம் கடமலைக்குண்டுக்குப் போனேன், தனியாக. வீரணன் விட்டுப்போன விறகு வேலையை நான் செய்யலாம் என்று. சின்னச்சாமி பாய் விரித்தார். தட்டில் களி வைத்தார்.

"இனி யாருக்காக மூடி வைக்கணும்ப்பா," என்றார். "ஜெயிலுக்குப் போறதுக்கு மொத நாளே வீரணன் வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. 'நான் ஊதுனது ஒத்த விசில்தேன். அண்ணே அவசரப்பட்டுட்டாரு. அவரா வந்து சொல்லுவாரு, அது வரைக்கும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீக'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாரு. நீ வாரப்பல்லாம் இன்னைக்குச் சொல்லுவே, இன்னைக்குச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்குக் கோவமெல்லாம் எப்பவோ போச்சு. சாப்பிடு."

அன்றைக்கு அந்த வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிறகுதான் இங்கே உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஏட்டய்யா எழுதிவைத்த வீரணனின் மரண வாக்குமூலத்தைக் காட்டி, போய்த் தூங்கு என்கிறீர்கள். அவன் சொன்னது பொய், ஐயா. அவனைக் கொன்றது நான். தெரிந்து, யோசித்து, லீவரை இழுத்துக் கொன்றேன்.

ஆனால் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். சின்னச்சாமிக்கு எல்லாம் தெரியும் என்று வீரணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த விரற்கடையை நான் இழுத்திருக்கவே மாட்டேன். கூடவே இருந்துகொண்டு இரண்டரை வருடம் மறைத்தது அவன். அதற்காக நான் அவனைக் குறை சொல்லவில்லை. மன்னித்துவிட்டேன்.