வலிக்கு இரண்டு நிமிடம் கொடுத்த டாக்டர் வாகீஸ்வரி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆலயத் தலைவர் ஐயா மகேந்திரன் அவர்களே! தம் அக்கா டாக்டர் வாகீஸ்வரியைக் கடைசியாக வழியனுப்ப மெல்பர்னிலிருந்து வந்திருக்கும் திரு. நிமல் தர்மலிங்கம் அவர்களே! புதன்கிழமைதோறும் இதே மண்டபத்தில் வட்டமாக உட்காரும் எங்கள் குழுவின் அண்ணன்மார்களே, அக்காமார்களே! இன்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். உங்களை வட்டமாகவே பார்த்துப் பழகிய எனக்கு இது என்னவோ போலிருக்கிறது. எல்லோருக்கும் வணக்கம்.

நான் மோகனா. இரண்டு வருடமாக டாக்டருக்கு உதவியாக இந்தக் குழுவில் ஆலோசகராக இருக்கிறேன். தாளைப் பார்த்துத்தான் படிக்கப் போகிறேன். பார்க்காமல் பேசினால் பாதியில் உட்கார்ந்துவிடுவேன்.

டாக்டர் வாகீஸ்வரி தர்மலிங்கம் யார்? உளவியலாளர். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கிள்ளானில் தனியாக வாழ்ந்தவர். ஓய்வு பெற்றவர் வீட்டில் காலை நீட்டி உட்கார வேண்டியதுதானே? அவர் ஏன் ஆறு வருடம், மழையிலும் வெயிலிலும், தானே காரோட்டிக்கொண்டு நம் புக்கிட் ரோத்தான் வரை வந்தார்?

இங்கே இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி இல்லாத வீடு எது? அது வந்து கால் நரம்பைப் பழுதாக்கினால் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்கு நான் சொல்லத் தேவையில்லை. எரியும். குத்தும். போர்வை பட்டால்கூடத் துடிக்கும். வெளியே பார்த்தால் காயமில்லை, வீக்கமில்லை. பார்க்க முடியாத வலியை வீட்டில் எத்தனை நாள் நம்புவார்கள்? எத்தனை நாள் கேட்பார்கள்? அந்தத் தனிமைக்குத்தான் டாக்டர் வந்தார்!

முதல் நாள் மூன்றே பேர். அவர்களில் ஒருவர், செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டிய முருகையா அண்ணன், வாசலிலேயே நின்று கேட்டாராம்: "மனசு டாக்டர்கிட்ட அனுப்புறாங்கன்னா, நம்மள பைத்தியம்ங்கிறாங்களா?"

டாக்டர் தன் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னாராம்: "உங்கட வலி பொய் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. வலி நரம்பிலதான் இருக்கு. ஆனா பயம் வந்து அதுக்குப் பக்கத்தில குந்திச்சுதெண்டால் வலி இரண்டு மடங்காகும். நான் பயத்தோட கதைக்க வந்தனான். மாத்திரையை மட்டும் விட்டுடாதேங்கோ."

வலி போய்விடும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வலியோடு ஒரு நாளை எப்படி வாழ்வது என்றுதான் சொல்லிக் கொடுத்தார். மூச்சைக் கவனிக்க, கொஞ்சம் கொஞ்சமாக நடக்க, "இனி நான் எதற்கும் உதவமாட்டேன்" என்று மனசு சொல்லும்போது அது உண்மைதானா என்று திருப்பிக் கேட்க. எல்லாவற்றுக்கும் மேலே அவர் வைத்த ஒரு சட்டம்! குழுவில் இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்தார். ஒருநாள் இவர், மறுநாள் அவர் என்று மாறி மாறி, மாலை நான்கு மணிக்குப் போன் செய்ய வேண்டும். வலியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசலாம். கேட்பவர் குறுக்கே பேசக்கூடாது, வைத்தியம் சொல்லக்கூடாது. "பிறகு வேற கதை கதையுங்கோ!" என்பார். நம் ஆட்கள் விடுவார்களா? முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'கதையுங்கோ டாக்டர்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அது தெரிந்த அன்று அவர் சிரித்த சிரிப்பு!

முருகையா அண்ணனின் மனைவி புஷ்பா அக்கா முன்வரிசையில் இருக்கிறார். அவர் என்னிடம் சொன்னது: "முன்னெல்லாம் நாள் முழுக்கக் கால் கதைதான். இப்ப ரெண்டே நிமிஷம். மிச்ச நேரமெல்லாம் என் சமையலக் குறை சொல்றாரு. பழைய மனுஷன் திரும்பி வந்துட்டாரு லா!"

அந்த அண்ணனுக்குள் வேறொரு எரிச்சலும் இருந்தது. ஒரு புதன்கிழமை தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஆத்தாவுக்குத் தீ மிதிக்கிறேன்னு நேந்துக்கிட்டேன். மூணு வருஷமா மிதிக்கல. அதான் காலை எரிக்கிறா. இந்த வருஷம் எறங்கிட்டா சரியாப் போயிரும்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரும் சிரிக்கவில்லை. கண்ணை மூடச் சொன்னார். கீழே உட்கார்ந்து அவருடைய பாதத்தைத் தன் மடியில் எடுத்து வைத்துப் பஞ்சால் தொட்டார். பிறகு விரலால் அழுத்தினார். "தொட்டால் சொல்லுங்கோ." அண்ணன் காத்துக்கொண்டே இருந்தார். "எப்ப டாக்டர் தொடுவீங்க?" என்று கடைசியில் அவரே கேட்டார்.

எரிகிறதே, அப்படியென்றால் உணர்ச்சி இருக்கிறது என்றுதானே நாம் எல்லோரும் நினைத்தோம்? எரிகிற அந்தக் கால்தான் நெருப்பை அறியாத கால் என்று அன்றுதான் புரிந்தது. நேர்த்திக்கடன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லவில்லை. நேரே நம் தலைவரிடம் போனார். இருவரும் பூசாரியிடம் போனார்கள். அந்த வருடத்திலிருந்து, தீ மிதித்து வருபவர்கள் காலை நனைக்கும் பால்குழியை நிரப்புவது முருகையா அண்ணனின் கடன். "ஆத்தா ஒத்துக்குவாளா?" என்று அவர் கேட்டதற்கு நம் தலைவர் சொன்னது நினைவிருக்கிறதா? "கோயில் கமிட்டியே ஒத்துக்கிருச்சு, ஆத்தா ஒத்துக்க மாட்டாளா?"

இதுவரை நான் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. இனிச் சொல்லப் போவது யாருக்கும் முழுசாகத் தெரியாது. ஐயா நிமல் அவர்களே, உங்களுக்கும் தெரியாது.

டாக்டரின் சோடி நான்தான். எனக்கு வலியில்லை, பயம் இருந்தது. பத்து மாதத்துக்கு முன் என் மகள் பிறந்தாள். அவள் இருமினாலும் பயம், இருமாமல் தூங்கினாலும் பயம். "நீ என்னோட சோடி சேரு பிள்ளை. பயத்துக்கு இரண்டு நிமிஷம்" என்றார். பத்து மாதமும் நான் பேசினேன், அவர் கேட்டார். பிறகு அவர் வீட்டுப் பப்பாளி மரத்தைப் பற்றியும், தினமும் வந்து மிரட்டும் ஒரு காக்காவைப் பற்றியும் சொல்வார். "உங்களுக்கு என்ன டாக்டர்? உங்களுடைய இரண்டு நிமிடம் எங்கே?" என்று நான் ஒருநாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. பத்து மாதத்தில் ஒருநாள்கூடக் கேட்கவில்லை!

டாக்டரின் கடைசி நாளான அந்த வியாழக்கிழமை, போன் செய்ய வேண்டியது என் முறை. மகளுக்குத் தடுப்பூசி போட்ட காய்ச்சல். போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு அவளோடு படுத்திருந்தேன். ஆறு மணிக்குத்தான் பார்த்தேன். நான்கு பத்துக்கு ஒரு அழைப்பு. நான்கு இருபத்தைந்துக்கு ஒரு அழைப்பு. இரண்டும் டாக்டர். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டார் அவரைக் கண்டார்கள். இதயம் நின்று பல மணி நேரம் ஆகியிருந்தது என்றார்கள்.

நான் போன் செய்யவில்லையே, பிள்ளைக்கு என்னவோ என்று அழைத்தாரா? அல்லது அவருக்கே முடியாமல் அழைத்தாரா? இந்தச் சபையில் யாராலாவது எனக்குச் சொல்ல முடியுமா?

குழுவை மூடிவிடலாம் என்று தலைவருக்கு எழுதிக்கூட வைத்துவிட்டேன். முந்தாநாள் புஷ்பா அக்கா வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட நினைத்தேன்; "அன்னிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், டாக்டர் கூப்பிட்டாங்க, நான் போன் எடுக்கலக்கா" என்பதோடு அழுகை வந்துவிட்டது. அவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

"எடுத்திருந்தா? காய்ச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டுக் கிள்ளானுக்குப் பறந்திருப்பியா?" என்றார்.

"யாரையாவது அனுப்பியிருப்பேன்."

அக்கா என் கையிலிருந்து மகளை வாங்கிக்கொண்டார். பிறகு, "ஆமா, அனுப்பியிருப்ப," என்றார். என் மகளைத் தூக்கி வைத்துக்கொண்டு, நான் குளித்துச் சாப்பிட்டு முடிக்கும்வரை இருந்தார். போகும்போது வாசலில், "புதன்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

பத்து மணி என்றேன். என்னையறியாமலே சொல்லிவிட்டேன்.

ஆகவே இந்தச் சபையின் முன் வாக்குக் கொடுக்கிறேன். டாக்டர் வாகீஸ்வரி தொடங்கிய குழு நிற்காது. நான் டாக்டரில்லை, அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. அவருடைய இடத்துக்கு வேறொரு உளவியலாளர் வரும்வரை, அவர் கற்றுக் கொடுத்ததை மட்டும், அவர் கற்றுக் கொடுத்தபடி செய்வேன். அவர் ஏன் அழைத்தார் என்று தெரியாமலேயே செய்வேன். ஐயா நிமல் அவர்களே, மன்னிப்புக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். உங்கள் அக்கா அன்று ஒருவரைத் தேடினார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அவருடைய சட்டத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றப் போகிறேன். குழுவை நடத்துபவரிடமும், "உங்களுடைய இரண்டு நிமிடம் எங்கே?" என்று இனிமேல் கேட்க வேண்டும். புதன்கிழமைகளில் எல்லோரிடமும் கேட்டு முடித்த பிறகு நாற்காலிகளை அடுக்க எழுந்துவிடாதீர்கள். அண்ணன்மார்களே, அக்காமார்களே, என்னிடமும் கேளுங்கள். ஒன்றுமில்லை என்று சொல்வேன். இன்னொரு தடவை கேளுங்கள்.