ஒரு நேரத்தில் ஒரு வாசகர்

இந்த ஃபேன் இப்படிக் கடகடன்னு சத்தம் போடுதே, உங்களுக்கு எரிச்சலா இல்லையா மேடம்? ஒரு சொட்டு எண்ணெய் விட்டா அடங்கிரும். எனக்குச் சத்தம் ஆகாது. அதனாலதான் நூலக வேலை எனக்கு ஒத்துப்போச்சு.

பேரு காசிராஜன். சொந்த ஊரு சுந்தரபாண்டியம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு மின்புத்தகம் வாங்குறது என் வேலை. மின்புத்தகம்னா ஊரே ஒண்ணா உக்காந்து படிக்கலாம்னு நினைச்சுக்கிட்டு இருக்காக. அப்படி இல்ல. ஒரு நேரத்துல ஒரு ஆளு மட்டும் படிக்கிற உரிமம்னு ஒண்ணு உண்டு. ஒருத்தர் திறந்து வச்சிருந்தா, அடுத்தவருக்கு 'வேறொருவர் வாசிப்பில் உள்ளது'ன்னு திரையில வரும். அப்பப்ப ஒரு பக்கம் தள்ளிவிட்டுக்கிட்டே இருந்தா மூடவே மூடாது. தள்ளாம விட்டா தானா மூடிக்கிரும்.

ஜெபா எங்க பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவி, ராஜபாளையத்துப் பொண்ணு. அவ அம்மா ஞானபாக்கியத்துக்கு மில்லு வேலை. பஞ்சுத் தூசியில மில்லுப் பொம்பளைகளுக்கு நெஞ்சு என்னாகுதுன்னு ஜெபா ஆராய்ச்சி செஞ்சா. அம்மா இருமுறதைக் கேட்டே வளந்தவ. அதுக்கு ஒரு புத்தகம் கட்டாயம் வேணும், அது இல்லாம ஆய்வேடு முடியாது. நான்தான் வாங்கிக் குடுத்தேன். எத்தனை பேரும் படிக்கிற உரிமமும் கிடைச்சுது. அது இருந்தும் நான் ஒத்தை ஆளு உரிமத்தைத்தான் வாங்கினேன்.

காலையில வந்ததும் அந்தப் புத்தகத்தை நானே திறந்து வச்சுக்கிருவேன். அப்பத்தானே அவ என் மேசைக்கு வருவா. யாரோ படிக்காங்களாம் சார்னு தயங்கித் தயங்கிச் சொல்லுவா. செத்த நேரம் பொறும்மான்னு சொல்லிட்டு, அவ தண்ணி குடிக்கப் போறப்ப மூடிவிடுவேன். எனக்கு எதிர்த்தாப்புல இருக்குற நாற்காலியில உக்காந்துதான் படிக்கணும்னு சொல்லியிருந்தேன். தலையே நிமிர மாட்டா. துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்குவா. பயம்னு சொல்லுதாக இப்போ. பயமில்ல மேடம், மரியாதை.

பயம் எனக்குத்தான். ஆய்வேடு முடிஞ்சா அவ போயிருவால்ல. அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்காது.

பொறவு அவ நூலகத்துக்கு வாரதை விட்டுட்டா. வீட்டுல இருந்தே படிக்க ஆரம்பிச்சா. யாரு எப்பத் திறக்காகன்னு என் செல்லுலயே பாக்கலாம். ஒத்தை ரூம் வீடு, அம்மா இருந்தா டிவி ஓடும். அதனால அம்மா ஷிப்டுக்குப் போன பொறவுதான் திறப்பா. நான் அதுக்கு முந்தியே திறந்துக்கிட்டேன். வாரக்கணக்கா அவளுக்கு ஒரு பக்கம்கூடக் கிடைக்கல. கடைசியில வந்து நின்னா, கண்ணெல்லாம் சிவந்து கிடந்துச்சு.

"அந்த இன்னொரு ஆளு யாரு சார்?"

வாசகர் யாருன்னு வெளியில சொல்லக் கூடாதுன்னு விதி இருக்கு. அதைத்தான் சொன்னேன். விதியை நான் மீறுனதே கிடையாது.

அவ விடல. புத்தகம் விக்கிற கம்பெனிக்குப் போன் போட்டிருக்கா. வினோத்துன்னு ஒருத்தன், அது உங்க நூலகத்துக்காரர் கணக்குதாம்மான்னு வாயை விட்டுட்டான். மறுபடி வந்தா, உக்காரல. "திங்கக்கிழமை துணைவேந்தரைப் பாக்கப் போறேன் சார்." மெதுவாத்தான் சொன்னா. ஆனா என் முகத்தைப் பாத்துச் சொன்னது அதுதான் முதத் தடவை.

மறுநாள் காலையில நான் புத்தகத்தைத் திறக்கல. அவளுக்கு விட்டுக்கொடுத்தேன். பஸ் ஏறி ராஜபாளையம் போயி, நூலக அட்டையில இருந்த விலாசத்தை வச்சு அவ தெருமுனையில நின்னுக்கிட்டேன். ஞானபாக்கியம் தூக்குவாளியோட மில்லுக்குப் போச்சு. கொஞ்ச நேரத்துல என் செல்லுல அவ பேரு வந்துச்சு. புத்தகம் திறந்துருச்சு. வீட்டுல இருக்கா, தனியா இருக்கா.

கதவைத் தட்டினேன். என்னத்தம்மா மறந்துட்டுப் போனன்னு கேட்டுக்கிட்டே திறந்தா. என்னைப் பாத்ததும் பின்னோக்கியே நடந்தா, முதுகு சுவத்துல முட்டுற வரைக்கும். பேசத்தான் போனேன், வாக்குமூலத்துல அப்படியே எழுதிக்கோங்க மேடம். அவ கத்த ஆரம்பிச்சா. எனக்குச் சத்தம் ஆகாதுன்னு முதல்லயே சொன்னேன்ல. வாயைப் பொத்தினேன். அடங்குற வரைக்கும் பொத்தியிருந்தேன். அடங்கின பொறவும் கையை எடுக்கல, திரும்பக் கத்திருவாளோன்னு.

லேப்டாப்புல புத்தகம் திறந்தபடியே இருந்துச்சு. பக்கம் தள்ள ஆளில்லாம அதுவே மூடிக்கிச்சு. இப்போ யாரு கேட்டாலும் கிடைக்கும் மேடம். இத்தனை வருஷத்துல கேட்டு வந்தவுகளுக்குப் புத்தகம் இல்லைன்னு நான் சொன்னதே இல்ல. அவளும் என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா, குடுத்திருப்பேன்.