பாதியில் மூடிய வால்வு

பெயர்: இதொகாசு மிட்சுயே. வயது: நாற்பத்தேழு. தொழில்: நகாமா ஸ்கூபா கடையில் சிலிண்டர் பராமரிப்பு. முகவரி: மேற்படி கடையின் மாடி அறை, துறைமுகத் தெரு, உகாரி தீவு, ஒகினாவா மாநிலம்.

நான் மேற்கண்ட முகவரியில் பல ஆண்டுகளாக வசித்து வருகிறேன். கடை உரிமையாளர் நகாமா ஷோட்டோகு எனக்கு உறவினர் அல்லர். தீவு வழக்கப்படி அவரை அண்ணன் என்று அழைப்பேன். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன். சொன்ன பிறகு அந்த மாடி அறைக்கு நான் திரும்ப முடியுமா என்பது தெரியாது.

கடந்த வாரம், ககோஷிமாவைச் சேர்ந்த ஒகுமுரா தெருஹிசா என்பவர், சுத்தியல் தலைச் சுறாக்களைப் பார்ப்பதற்காகத் தனியாக எங்கள் கடைக்கு வந்தார். மற்ற விருந்தினர்கள் கடைச் சிலிண்டரை வாடகைக்கு எடுப்பார்கள். அவர் மட்டும் தன் பெயரை வெள்ளைப் பெயின்டில் எழுதிய சொந்தச் சிலிண்டரைக் கொண்டுவந்தார். விமானத்தில் வந்ததால் அது காலியாக இருந்தது. அதன் வாயைத் துணியால் அடைத்து டேப் ஒட்டியிருந்தார். கழற்றிய வால்வை ஒரு காலுறைக்குள் போட்டு வைத்திருந்தார். அதை என்னிடம் கொடுக்கும்போது, "ஏர்போர்ட்ல ஆளாளுக்கு இதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்க்குறாங்கம்மா. பல் டாக்டர்கூட என் வாய்க்குள்ள இப்படிப் பார்த்ததில்ல" என்றார். அன்று மாலை கடையில் உட்கார்ந்து என்னுடன் பார்லித் தேநீர் குடித்தார். மது அருந்தும் பழக்கம் இல்லை என்று அப்போது சொன்னார்.

மறுநாள் காலை தெற்குக் காற்று அடித்தது. சிலிண்டரில் காற்று நிரப்பும் எங்கள் கம்ப்ரசர் டீசல் எஞ்சினில் ஓடுவது. அதன் புகைக்குழாய் கூரைக்கு நடுவே நிற்கிறது. ஆகவே புகை உள்ளே இழுக்கப்படாதபடி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கச் சுவரில், வெளிக்காற்றை இழுக்கும் குழாயைத் தொங்கவிட வேண்டும். காற்று திரும்பினால் குழாயையும் திருப்ப வேண்டும். பழைய நாட்காட்டியின் இரண்டாம் மாதத்தில் தெற்குக் காற்று சொல்லாமல் கொள்ளாமல் வடக்காகத் திரும்பும் என்பது இத்தீவில் எல்லோருக்கும் தெரியும். அண்ணன் குழாயைத் தெற்குச் சுவரில் தொங்கவிட்டுக் கடைச் சிலிண்டர்களை நிரப்பினார். ஒகுமுராவின் வால்வுக்குரிய ரப்பர் வளையம் காலுறைக்குள் இல்லை. நான் அதே அளவில் வேறொன்றைத் தேடி எடுத்து வால்வைப் பொருத்திக் கொடுப்பதற்குள் மற்றவை நிரம்பிவிட்டன. அவருடையது கடைசியாக நிரப்பப்பட்டது. அந்த நேரத்தில் நான் நிரம்பிய சிலிண்டர்களை வண்டியில் ஏற்றிப் படகுக்குக் கொண்டுபோனேன். துறையில் படகுகளின் கொடிகள் தெற்கு நோக்கிப் பறந்தன; காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கியிருந்தது. கடையில் அண்ணன் குழாயைத் திருப்பியிருப்பார் என்று நினைத்தேன். அவர் அப்போது உள்ளே ரேடியோ கேட்டபடி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதன் பிறகு படகு சென்றது. மதியத்துக்கு முன்பே திரும்பியது. ஒகுமுரா மற்றவர்களுக்குப் பின்தங்கி, வாயிலிருந்து குழாய் நழுவிய நிலையில், கடலடிப் பாறை மேல் அசையாமல் கிடந்ததாகப் படகில் இருந்தவர்கள் கூறினர். துறையில் அவரைக் கிடத்தியபோது நானும் பார்த்தேன். கன்னமும் உதடும் வெந்நீர்க் குளியல் முடித்து வந்தவரைப் போலச் சிவந்திருந்தன. அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு, "மூஞ்சியப் பாரு, எப்படிச் செவந்து கெடக்கு. ராத்திரி நல்லா ஊத்தியிருக்கான்" என்றார். அவர் குடிக்காதவர் என்று சொன்னேன். "உன்கிட்ட டீயக் குடிச்சிட்டுப் போய் ரூம்ல பாட்டிலத் தொறந்திருப்பான். உனக்கென்ன தெரியும்?" என்றார். அங்கிருந்தவர்கள் அதையே பேசிக்கொண்டார்கள். நிறத்தைப் பற்றி எனக்கு விவரம் தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

அதன் பிறகு அவருடைய மனைவி சிசூரு வந்தார். இஷிகாகியில் தகனம் முடித்து, அஸ்திப் பெட்டியை வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நேற்றுக் காலை கடைக்கு வந்தார். சிலிண்டரையும் அன்று பிற்பகல் விமானத்தில் கொண்டுபோக விரும்புவதாகச் சொன்னார். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "சீக்கிரம் காலி பண்ணிக் குடு மிட்சு, பாவம்" என்றார். அந்த அம்மாள் பட்டறையில் பெட்டியை நாற்காலியில் வைத்துவிட்டுத் தான் நின்றார். உட்காரும்படி வேறு நாற்காலி போட்டேன். உட்காரவில்லை.

"குடிச்சிட்டுத்தான் கடல்ல எறங்கினாருன்னு விடுதில சொன்னாங்க. துறையில சொன்னாங்க. எங்க மாமியார்கிட்ட போன்ல யாரோ சொல்லிட்டாங்க" என்றார். "ஒரு சொட்டுப் பட்டாலே உடம்பெல்லாம் தடிச்சிடும் அவருக்கு. சொன்னா யாரு நம்புறா?"

சிலிண்டரைப் பலகை மேல் கட்டி அளவுமானியைப் பொருத்தினேன். பாதிக்கு மேல் காற்று இருந்தது. விமானத்துக்குத் தயார்செய்யும்போது வால்வைச் சிறிதளவே திறக்க வேண்டும். வேகமாகத் திறந்தால் வால்வில் பனி பிடிக்கும், உள்ளே ஈரம் சேரும். முழுவதும் வெளியேறிய பிறகே வால்வைக் கழற்ற வேண்டும். அவ்வாறே சிறிதளவு திறந்தேன். வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போது வேறு வேலை பார்ப்பேன். நேற்று பார்க்கவில்லை.

"இது அவரு மூச்சுக்கு வச்சிருந்த காத்துதானே?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஆமாங்க. மிச்சம்."

அவர் அருகில் வந்து, வால்வின் முன் முகத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் தடுக்கவில்லை. சற்று நேரம் அப்படியே இருந்தார். அதன் பிறகு முகத்தை எடுத்தார்.

"ஏங்க, நல்ல காத்துக்கு வாசனை இருக்குமா?"

"இருக்காதுங்க."

"இது லாரிக்குப் பின்னால நின்ன மாதிரி இருக்கே."

பட்டறையில் எப்போதும் டீசல் வாடை உண்டு. எனக்கு அது பழகிவிட்டது. ஆகவே வால்வை மூடி, சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கடல் சுவருக்குப் போனேன். காற்று கடலிலிருந்து வந்தது. அங்கே ஒருமுறை திறந்து முகர்ந்தேன். அங்கும் அதே வாடை இருந்தது. மூடினேன். கொடிகள் தெற்கே பறந்தது அப்போது நினைவுக்கு வந்தது.

திரும்பி வந்தபோது அண்ணன் பட்டறை வாசலில் நின்றார். வாடையைச் சொன்னேன். அவர் உடனே தெற்குச் சுவரைப் பார்த்தார். அன்றைக்குப் பிறகு கம்ப்ரசர் ஓட்டப்படவில்லை; இழுக்கும் குழாய் இன்னும் அங்கேயேதான் தொங்கியது.

"மிச்சத்தையும் தொறந்து விட்டுடு" என்றார்.

"முடியாதுண்ணே."

"ப்ளேன் நிக்காது. அந்தம்மா கெளம்பணும்ல?"

"நான் கெளம்பல" என்று உள்ளேயிருந்து அந்த அம்மாள் சொன்னார்.

அண்ணன் குரலைத் தாழ்த்தி, "நான் சோறு திங்கப் போன நேரம் மிட்சு. கொஞ்ச நேரந்தான். நீ தங்கறதுக்கு ரூம் குடுத்தது யாரு? கடையே போயிடும்" என்றார். நான் சிலிண்டரைக் கீழே வைக்கவில்லை. அவர் என் கையிலிருந்து பிடுங்கவும் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்தார். அதன் பிறகு எழுந்துபோய், எஞ்சின் ஓடாதபோதே, குழாயைத் தெற்குச் சுவரிலிருந்து கழற்றி வடக்குச் சுவரில் தொங்கவிட்டார். யாரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு மீன் வண்டியில் சாக்கு விரித்து, சிலிண்டரைப் படுக்க வைத்து இந்தக் காவல் சாவடிக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். சிசூரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்தார். பாதி வழியில் விமானம் எங்கள் தலைக்கு மேல் போனது.

இங்கே காத்திருந்தபோது வால்விலிருந்து காற்று கசிவது போலச் சத்தம் கேட்டது. சோப்பு நீர் வாங்கித் தடவினேன். குமிழ் வரவில்லை. வால்வு இறுக்கமாகவே இருந்தது. ஆனாலும் சத்தம் நிற்கவில்லை. நேற்றிரவு முழுவதும் கேட்டது. இப்போதும் கேட்கிறது.

அந்த ரப்பர் வளையம் காலுறைக்குள்ளேயே இருந்திருந்தால் அவருடைய சிலிண்டர் காற்று வடக்கே திரும்பும் முன்பே நிரம்பியிருக்கும். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

இந்தக் காற்றைச் சோதித்துப் பார்க்க எவ்வளவு தேவை என்பது எனக்குத் தெரியாது. நான் வெளியே விட்டது பட்டறையோடு போயிற்று. சோதனைக்குப் பிறகு ஏதேனும் மிஞ்சினால், தான் அருகில் இருக்கும்போது திறக்க வேண்டும் என்று சிசூரு கேட்கிறார். அதையும் எழுதிக்கொள்ளக் கோருகிறேன்.

மேலே உள்ளதை அதிகாரி உரக்கப் படிக்க, நான் கேட்டேன். ஒரே இடத்தில் திருத்தம் சொன்னேன். ஒப்படைத்த பொருள் என்ற இடத்தில் 'காலி சிலிண்டர் ஒன்று' என்று இருந்தது. காலி இல்லை என்றேன். அது அடிக்கப்பட்டு, 'காற்றுள்ள சிலிண்டர் ஒன்று' என எழுதப்பட்டது. மற்ற அனைத்தும் நான் கண்டபடியும் கேட்டபடியும் உள்ளன.

(ஒப்பம், முத்திரை)
இதொகாசு மிட்சுயே