நீளம் போதாத கேபிள்

உயரமான ஹேண்டில்பாரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எங்களுக்கும் வந்தது.

வியாழக்கிழமை மாலை பெட்டியைப் பிரித்ததும் என் மனைவி அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். கொம்பு வைத்த மானாம். நான் ஸ்பேனருடன் துரத்தினேன். சோபா தடுக்கி இருவரும் விழுந்தோம். அவளுக்கு விக்கல் எடுக்கும்வரை சிரித்தோம். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அப்படி ஒரு மாலை வாய்த்ததில்லை.

அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருந்தது. ஐந்து மணி நேரப் பயணம். பைக்கிலேயே போவேன் என்றாள். குனிந்து ஓட்டினால் முதுகு வலிக்கும் என்பதால்தான் இந்த ஹேண்டில்பார்.

"சனிக்கிழமை கிளம்புறேன். வாரா வாரம் வந்துடுவேன். மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத."

"நான் சிரிச்சுக்கிட்டுதானே இருக்கேன்."

"அதான் பயமா இருக்கு."

கைப்பிடி அரை அடி உயர்ந்தால் பழைய கேபிள்கள் எட்டாது. தெருமுனை மெக்கானிக் கிளட்ச் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் மூன்றையும் நீளமானதாகவே கொடுத்தார். மாட்டிய பிறகு ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். இரண்டு முறை சொன்னார். அவரை நீங்கள் ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பது தவறு. அனுப்பிவிடுங்கள்.

பிரேக் ஹோஸை மாற்றினேன். ஒரு காற்றுக் குமிழி இல்லாமல் ஆயில் நிரப்பினேன். அவள் உயிர் விஷயத்தில் நான் விளையாடமாட்டேன். கிளட்ச் கேபிளையும் மாற்றினேன். ஆக்சிலேட்டர் கேபிள் மட்டும் பழையது. நீளமானது பிரிக்காமல் பரண்மேல் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம்.

பழையது நேராக இருக்கும்போது எட்டியது. இடது பக்கம் முழுதாக ஒடித்தால் இழுபட்டு, கை வைக்காமலே இன்ஜின் உறுமியது. மூன்று முறை ஒடித்துப் பார்த்தேன். மூன்று முறையும் உறுமியது. பரீட்சையில் கடினமான கணக்குக்கு விடை வந்ததுபோல உள்ளுக்குள் குறுகுறுத்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் மூட்டை கட்டினாள். ஓட்டிப் பார்க்க நேரமில்லை. நான் மாட்டியது என்பதால் அவளுக்குப் பார்க்கவும் தோன்றவில்லை.

எங்கள் சந்து பெரிய தெருவில் சேரும் இடத்தில் இடது பக்கம் முழுதாக ஒடித்துத்தான் திரும்ப முடியும். அங்கே வண்டி தானாக எகிறும். விழுவாள். முழங்கால் சிராயும், கை சுளுக்கும். பயந்துபோய், வேலை வேண்டாம் என்பாள். நான் போட்ட கணக்கு அவ்வளவுதான். தண்ணீர் லாரி அதில் இல்லை.

சனிக்கிழமை காலை வாசலில் நின்று கையாட்டினேன். ஹெல்மெட்டுக்குள் அவள் சிரிப்பது கண்ணில் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியான சொல் இல்லை. மனைவி பைக்கிலிருந்து விழுந்து அடிபட்டிருக்கிறாள், கூட இருந்து கவனிக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமையே அலுவலகத்தில் விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டேன். மூன்று நாள்தான் கேட்டிருந்தேன். கொல்ல நினைத்தவன் மூன்று நாள் கேட்பானா?